ஜீப்பை யார் கையில் கொடுப்பது: நம் கையா, ஒர்க்‌ஷாப்பா, கம்பெனியா?

என் ஜீப்பின் முன் இடது சக்கரத்துக்கு உள்பக்கம் இரண்டு வாரமாக ஈரமாக இருக்கிறது. துடைத்துவிட்டால் மறுநாள் திரும்பவும் ஈரம், அதன்மேல் மண் அப்பிக்கொள்கிறது. நக்கிளில், அதாவது முன் அச்சின் முனையில் சக்கரம் திரும்பும் மூட்டில், ஏதோ ஒரு சீல் போயிருக்கிறது. இதை நானே பிரித்துப் பார்ப்பதா, டவுனில் இருக்கும் ஜீப் ஒர்க்‌ஷாப்பில் விடுவதா, இல்லை வேறு வழி உண்டா? அப்பாவுக்குப் பிறகு இந்த வண்டி என் கைக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. ஒவ்வொரு வேலைக்கும் இதே கேள்வியைக் கேட்டு, சில தடவை தப்பான பதிலைத் தேர்ந்தெடுத்து, கடைசியில் எனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். புதிதாக ஃபோர் வீல் வண்டி வாங்கிய இரண்டு பேர் சமீபத்தில் இதைக் கேட்டார்கள். வாயால் சொன்னதை எழுதியும் வைக்கலாம் என்று தோன்றியது.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பதில் வண்டிக்கு வண்டி மாறும். போடிநாயக்கனூரில் ஜீப் பொழுதுபோக்குச் சாமான் கிடையாது. விடிவதற்கு முன்னே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போகும் ஜீப்புகளின் சத்தத்தில்தான் இந்த ஊர் கண் விழிக்கும். என்னுடையது டிரிப் ஜீப் இல்லை. குரங்கணிக்கு மேலே கொஞ்சம் மிளகும் காப்பியும் இருக்கிறது. அங்கே போய்வர அப்பா வாங்கியது, தொண்ணூறுகளின் நடுவில் வந்த மஹிந்திரா எம்எம்540, ஃபோர் வீல். வாரம் ஒரு தடவை கல்லும் ஓடையுமான பாதையில் ஏறி இறங்கும். மற்ற நாளெல்லாம் வேப்பமரத்தடியில் நிற்கும்.

மஹிந்திரா 1947-ல் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை இங்கே பூட்டி விற்கத் தொடங்கியது. அந்த வம்சத்தின் அச்சும் ஸ்பிரிங் பட்டையும்தான் என் வண்டியின் அடியில் இருக்கின்றன. மேலே உட்கார்ந்திருப்பது 2112 சிசி பெஜோ டீசல் எஞ்சின். அதாவது கீழே அமெரிக்க வழி, மேலே பிரெஞ்சு வழி. இதனால் வந்த வினை, கீழே பல நட்டுகள் இன்ச் கணக்கு, எஞ்சினில் மில்லிமீட்டர் கணக்கு. முக்கால் இன்ச்சுக்கு 19 ஸ்பேனர் சரியாகப் பொருந்திவிடும். ஆனால் 9/16 நட்டுக்கு 14 நுழையாது, 15 போட்டால் சுழன்று மூலையை மழுக்கிவிடும். இது தெரியாமல் முதல் வருடம் நான் மழுக்கிய நட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். வீட்டில் வேலை செய்ய நினைக்கிறவர் வாங்க வேண்டிய முதல் சாமான் எது என்பதற்கு அந்த டப்பாவே பதில்.

சரி, வழிகளுக்கு வருவோம். கம்பெனி சர்வீஸ் சென்டரை முதலில் முடித்துவிடலாம். பழைய ஜீப்புக்கு அது அநேகமாக வழியே இல்லை. ஒருமுறை வெளியூரில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் விட்டேன், பெயர் வேண்டாம். நான்கு நாள் வைத்திருந்தார்கள். ஆயில் மாற்றி, பளபளவென்று கழுவி, நான் எழுதிக் கொடுத்த புகார் ஒவ்வொன்றின் பக்கத்திலும் டிக் அடித்துக் கொடுத்தார்கள். கியர் மாற்றும்போது வந்த சத்தம் என்னோடு அப்படியே வீடு திரும்பியது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அங்கே வேலை பார்த்த பையன்களைவிட என் ஜீப்புக்கு வயது அதிகம். அந்த கியர்பாக்ஸை அவர்கள் பிரித்துப் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை.

ஆனால் அக்கா மகன் புது மஹிந்திரா தார் ஜீப் வைத்திருக்கிறான், 2020 அக்டோபருக்குப் பிறகு வந்த மாடல், டீசல். அவனுக்கு நான் சொல்வது நேர் எதிர். "மாமா, யூடியூப்ல பாத்தா ஈசியாத்தான் இருக்கு, ஆயில நானே மாத்திரவா?" என்று கேட்டான். வாரன்டி முடியும் வரை கம்பெனிக்கே போடா என்றேன். வாரன்டிக் காகிதம் ஒரு காரணம்தான். புது மாசு விதிப்படி வந்த பிஎஸ்6 டீசலின் சைலன்சர் வழியில் புகைத் துகளைப் பிடிக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. சாம்பல் குறைவாக விடும் வகை ஆயிலைத்தான் அது தாங்கும். என் ஜீப்புக்கு ஊற்றும் சாதாரண 15டபிள்யூ-40-ஐ அதில் ஊற்றினால் வண்டி அன்றைக்கு ஓடும், அடுத்த மாதமும் ஓடும், வடிகட்டி மட்டும் சத்தமில்லாமல் அடைத்துக்கொண்டே வரும்.

இன்னொன்று, காமன் ரெயில், அதாவது எல்லா சிலிண்டருக்கும் டீசலை அழுத்தத்தோடு தரும் ஒரே பொதுக் குழாய். டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பார் சொச்சம். காமன் ரெயில் குழாயில் டீசல் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் நிற்கும். பழைய எஞ்சினில் ஓடும்போதே டீசலைப் பீய்ச்சும் நாசிலின் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று பார்ப்போமே, அந்தப் பழக்கத்தை அங்கே காட்டினால் டீசல் ஊசி மாதிரி தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். விரலையே எடுக்க வேண்டி வரலாம். ஆகவே அவனுக்கு நான் விட்டுக்கொடுத்தது ஏர் ஃபில்டர் தூசி, டயர் காற்று, பேட்டரி முனை, மலைப்பாதை போய்வந்தால் அடிப்பக்கம் கழுவுவது, மாதம் ஒருமுறை டார்ச் அடித்து முன் ஆக்சிலின் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பது. அந்தக் கடைசி வேலையை லேசாக நினைக்க வேண்டாம். சின்னக் கிழிசலாகப் பார்த்துவிட்டால் ரப்பரோடு போகும், பார்க்காமல் விட்டால் மண் புகுந்து ஜாயின்ட்டே போகும்.

அடுத்தது ஊர் ஒர்க்‌ஷாப். போடியில் இருக்கும் ஜீப் மெக்கானிக்குகளுக்கு நிகர் இல்லை என்று நான் சொன்னால் ஊர்ப்பாசம் என்பீர்கள். ஆனால் தினமும் ஆள் பாரத்தோடு மலை ஏறும் வண்டிகளையே வருடக்கணக்கில் பார்க்கிறவருக்கு வரும் காது வேறு யாருக்கும் வராது. நான் வழக்கமாகப் போகும் மெக்கானிக் அண்ணன், என் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே "பின்னாடி கிராஸ் போயிருச்சு தம்பி" என்பார். எஞ்சின் விசையை அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் மூட்டைத்தான் சொல்கிறார். பிரித்துப் பார்த்தால் ஊசி பேரிங் துருப்பிடித்துப் பொடியாகக் கொட்டும். பழைய பாகம் எந்தக் கடையில் கிடைக்கும், எதற்குச் சென்னை புதுப்பேட்டைக்கு ஆள் அனுப்ப வேண்டும், எதை லேத்தில் கொடுத்துச் செய்துகொள்ளலாம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

குறையும் உண்டு. சுத்தியலும் உளியும் கொஞ்சம் தாராளம். ஹப் நட்டுக்குரிய சாக்கெட் சுவரில் தொங்கும், ஆனாலும் உளியை வைத்து நாலு தட்டு. எவ்வளவு இறுக்கினோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் என்ற பேச்சே கிடையாது, கைதான் அளவு. டப்பாவில் எந்த கிரீஸ் இருக்கிறதோ அதுதான் எல்லா இடத்துக்கும். அதோடு, ஏலக்காய் பறிப்பு மும்முரமாக இருக்கும் மாதங்களில் டிரிப் ஜீப்புக்குத்தான் முதல் மரியாதை. அது நியாயம்தான், அந்த வண்டி நின்றால் பத்துப் பேருக்கு அன்றைய கூலி இல்லை. என் வண்டி மூலையில் ஒரு வாரம் நிற்கும். நிற்கிற வாரத்தில் என் ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இன்னொரு வண்டிக்கு இரவல் போய்விடும். எல்லா ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் இது நடப்பதாகத்தான் கேள்வி.

மூன்றாவது நம் வாசல். வீட்டில் செய்தால் காசு மிச்சம் என்று ஆரம்பிப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் மூன்று வருடத்தில் ஸ்பேனர், ஜாக்கி, கிரீஸ் கன், பிழையாக வாங்கிய பாகம், பிழையைச் சரிசெய்யக் கொடுத்த கூலி எல்லாம் சேர்த்தால் மிச்சம் ஒன்றுமில்லை. பணத்துக்காகச் செய்கிறவர் இந்த வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். எனக்குக் கிடைத்தது வேறு. மேலே பாதையில் வண்டி நின்றால் அங்கே செல்போன் சிக்னல் கிடையாது, நடந்து இறங்க இரண்டரை மணி நேரம். அப்போது எந்தப் பைப் எங்கே போகிறது என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாசலில் செய்யும் ஒவ்வொரு சின்ன வேலையும் அதற்கான ஒத்திகை.

எதை வீட்டில் செய்வது, எதை விடுவது என்று பிரிக்க முதலில் நான் வைத்திருந்த அளவுகோல் கஷ்டம். சுலபமான வேலை வீட்டில், கஷ்டமான வேலை வெளியே. அது தப்பு. பிரேக் பைப்பில் மாட்டிய காற்றை வெளியே எடுப்பது சுலபமான வேலை. கிளட்ச் மாற்றுவது கஷ்டமான வேலை. ஆனால் எதில் தப்புச் செய்தால் ஆள் பிழைப்பான்? இப்போது நான் கேட்கும் கேள்வி இதுதான்: இந்த வேலையில் நான் தப்புச் செய்தால், அந்தத் தப்பு வாசலிலேயே வாய் திறந்து சொல்லுமா, இல்லை பத்தாவது வளைவு வரை கமுக்கமாக இருந்துவிட்டு அங்கே சொல்லுமா?

ஆயில் மாற்றுவதில் செய்யும் தப்பு சொல்லிவிடும். டிரெய்ன் பிளக் வாஷரை மாற்றாமல் விட்டால் காலையில் தரையில் சொட்டு இருக்கும். திருகிப் போடும் ஃபில்டர் என்றால் பழைய ரப்பர் வளையம் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன்மேலேயே புதியதைப் போட்டு ஸ்டார்ட் செய்தால் ஆயில் பீய்ச்சி அடிக்கும். அசிங்கம்தான், ஆனால் உங்கள் கண் முன்னால் நடக்கும் அசிங்கம். ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கிறவருக்கு எந்த நஷ்டமும் வராது. கழித்த ஆயிலை நான் கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப் பீப்பாயில் சேர்த்துவிடுவேன், ஓடையில் ஊற்றுவதில்லை. சென்ட்ரிங் பலகைக்குப் பூச என்று கட்டட வேலைக்காரர்கள் கேட்டு வாங்கிப்போவதும் உண்டு. சிலர் அதை ஸ்பிரிங் பட்டையில் அடிக்கிறார்கள். வேண்டாம், அது தூசியைப் பிடித்துவைத்து புஷ் ரப்பரையும் தின்றுவிடும்.

கிரவுன் (அச்சின் நடுவே ஹவுசிங் என்ற கூட்டுக்குள் இருக்கும் பல்சக்கரம்) ஆயில், கியர் ஆயில், டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன், பின் அச்சுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) ஆயில் மூன்றும் காட்டுப்பாதையில் ஓடும் வண்டிக்கு எஞ்சின் ஆயிலைவிட முக்கியம் என்பேன். ஓடையில் இறங்கும்போது என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஏறி வந்த சூட்டில் ஹவுசிங் கொதிக்கிறது. சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் முங்குகிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கிருந்து உறிஞ்சுகிறது. மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் சீல் உதடு வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். அடுத்த வாரம் பிளக்கைத் திறந்தால் ஆயில் பால் காப்பி நிறத்தில் வரும். அந்த ஆயிலோடு இரண்டு மாதம் ஓட்டினால் பேரிங் போய்விடும். இதை எந்த ஒர்க்‌ஷாப்பும் நமக்காக நினைவு வைத்துக்கொள்ளாது, எந்த ஓடையில் எவ்வளவு ஆழம் இறங்கினோம் என்பது நமக்குத்தான் தெரியும். ஆகவே இது வீட்டு வேலை. ஓடைக்கு முன் ஐந்து நிமிடம் நிறுத்தி ஆறவிடுவது இன்னும் நல்ல வீட்டு வேலை.

இதில் இரண்டு விஷயம் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். எப்போதும் ஊற்றும் பிளக்கை முதலில் கழற்றிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் வடிக்கும் பிளக்கைத் தொட வேண்டும். நான் முதல் தடவை அவசரப்பட்டு முழு ஆயிலையும் வடித்துவிட்டேன். மேல் பிளக் துருவேறி அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆயில் இல்லாத ஹவுசிங், திறக்காத பிளக், மூடிய கடைகள். இரண்டாவது, கியர் ஆயில் டப்பாவில் ஜிஎல்-5 என்ற தரக்குறி போட்டிருந்தால் உசத்தி என்று நினைத்து கியர்பாக்ஸுக்கும் அதையே ஊற்றுவது. கிரவுனுக்கு ஜிஎல்-5 சரி. பழைய கியர்பாக்ஸில் கியர் சத்தமில்லாமல் விழ உதவும் பித்தளை சின்க்ரோ வளையம் இருக்கும், ஜிஎல்-5-ல் உள்ள கந்தகச் சேர்மானத்தில் சில வகைகள் அந்த மஞ்சள் உலோகத்துக்கு ஆகாது. வண்டிப் புத்தகம் ஜிஎல்-4 என்றால் ஜிஎல்-4தான்.

கிரீஸ் அடிப்பது, எர்த் வயர் சுத்தம் செய்வது, எலி கடித்த வயரை மாற்றுவது, குளிரில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகச் சூடேற்றும் ஹீட்டர் பிளக் நான்கையும் சோதிப்பது, இவற்றைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், வாசலில்தான். ஹீட்டர் பிளக் போடி வெயிலில் இருக்கும்போது நினைவுக்கே வராது. தை மாதக் காலையில் மேலே தங்கிவிட்டு ஸ்டார்ட் செய்யும்போதுதான் அது இருக்கிறதா இல்லையா என்று தெரியும்.

டீசல் ஃபில்டர் விஷயத்தில் என் கணக்கு கொஞ்சம் ஆட்டம் காணும். மாற்றுவது சுலபம், கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றினால் வண்டி ஓடும். ஒருமுறை பழைய செம்பு வாஷரையே திரும்பப் போட்டேன். வாசலில் அருமையாக ஓடியது. குரங்கணி தாண்டி ஏற்றத்தில் மூன்று தடவை மூச்சு வாங்கி நின்றது. வாஷர் வழியாகக் காற்றை இழுத்திருக்கிறது, டீசல் வெளியே கசியாததால் கண்ணுக்குத் தெரியவில்லை. செம்பு வாஷர் ஒருமுறை நசுங்கினால் இறுகிவிடும். புதிது இல்லையென்றால் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மென்மையாகும். இதை அன்று சாயங்காலம் ஒர்க்‌ஷாப் அண்ணன் சொன்னார். "இத யாரு தம்பி கழட்டுனா?" என்று கேட்டுவிட்டு, "நாந்தேண்ணே" என்றதும் அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. இருந்தாலும் இதை வீட்டுப் பட்டியலிலேயே வைத்திருக்கிறேன். மலையில் டீசல் அடைப்பு வந்தால் நானேதான் செய்தாக வேண்டும். ஃபில்டர் மாற்றிய நாளில் மட்டும் மேலே போவதில்லை, ஊருக்குள்ளேயே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பேன்.

டாப்பெட் செட்டிங், அதாவது எஞ்சின் வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே இடைவெளி வைக்கும் வேலைதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. இடைவெளி அதிகமாக வைத்துவிட்டால் டிக் டிக் என்று தையல் மிஷின் மாதிரி கத்தும். எல்லோருக்கும் கேட்கும், திரும்பச் சரிசெய்துகொள்ளலாம். குறைவாக வைத்துவிட்டால்? எஞ்சின் அருமையாக, அமைதியாக ஓடும். நாமும் நம் கைவேலையை மெச்சிக்கொள்வோம். வால்வு முழுதாக மூடாமல் சூட்டை இறக்கிவைக்க முடியாமல் எரிந்துகொண்டிருக்கும். ஒரே வேலையில் ஒரு பக்கத் தப்பு கத்துகிறது, மறுபக்கத் தப்பு ஊமை. ஆகவே இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு கையில் பழகும் வரை பக்கத்தில் ஒருவர் நின்று பார்க்கச் செய்தேன்.

பிரேக்குக்கு வருகிறேன். நான்கு சக்கரமும் டிரம். ஷூ அட்ஜஸ்ட் செய்வதும் டிரம்மைக் கழற்றிச் சேறு துடைப்பதும் நான் செய்வேன். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம் என்பதால் காற்றடித்து ஊதுவதில்லை, ஈரத்துணிதான். வீல் சிலிண்டருக்குக் கிட் போடுவது (உள் ரப்பர்களை மாற்றுவது), மாஸ்டர் சிலிண்டர், பைப், இவை ஒர்க்‌ஷாப்புக்கு. எனக்குச் செய்யத் தெரியாததால் இல்லை. சிலிண்டர் உள்ளே ஒரு சின்னத் துருக்குழி இருந்தாலும் கிட் போட்ட அன்று மிதி கெட்டியாகவே இருக்கும். பிரேக் ஆயிலோ காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் குணமுள்ளது. நாளாக நாளாக அதன் கொதிநிலை இறங்கும். ஊருக்குள் ஓட்டும்போது எந்த வித்தியாசமும் தெரியாது. இறக்கத்தில் தொடர்ந்து மிதித்து டிரம் சூடேறி, உள்ளே ஆவி கட்டி, மிதி தரையோடு போகும்போதுதான் தெரியும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழு ஆயிலையும் மாற்றச் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன், பக்கத்தில் உட்கார்ந்து மிதித்துக் கொடுப்பது மட்டும் என் வேலை.

ஸ்டீயரிங் பக்கமும் அப்படித்தான். முன் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னின் பேரிங்குக்கு அடியில் வைக்கும் ஷிம் மெல்லிய தகடு. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் வாசலில் ஒன்றும் தெரியாது. வேகத்தில் ஒரு குழியில் இறங்கியதும் முன் சக்கரம் இரண்டும் கோழி இறக்கை அடிப்பது மாதிரி உதறும். டீசல் பம்பும் நாசிலும் எனக்கும் வேண்டாம், ஒர்க்‌ஷாப்புக்கும் வேண்டாம். அதற்கென்று டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் பம்ப் கடைக்குத்தான் போக வேண்டும்.

கிளட்ச்சில் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒட்டிப் பிறந்தவை, சேர்ந்தேதான் இறங்கும். நானும் சித்தப்பா மகனும் இறக்கிவிட்டோம். இறக்குவதில் என்ன இருக்கிறது, புவியீர்ப்பு உதவி செய்யும். ஏற்றும்போது மூன்று நாள் முயன்றோம். கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்தும் டம்மி ஷாஃப்ட் இல்லாமல் கண்ணளவில் வைத்திருந்தோம், அதனால் ஷாஃப்ட் நுழையவே இல்லை. நான்காம் நாள் ஒர்க்‌ஷாப்பிலிருந்து இரண்டு பேர் வந்து முக்கால் மணி நேரத்தில் ஏற்றிவிட்டுப் போனார்கள். இந்த வேலையில் தப்பு வாய் திறந்து சொல்லத்தான் செய்தது, உரக்கவே சொன்னது. ஆனாலும் வீட்டில் செய்யக்கூடாது, ஏனென்றால் பாரம். அந்தப் பாரம் மார்பின்மேல் இறங்க ஒரு நொடி போதும்.

பாரம் என்றதும் ஒன்று. ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் நான் போவதில்லை, ஹாலோ பிளாக் கல்லில் நிறுத்திய வண்டிக்கு அடியிலும் போவதில்லை. அந்தக் கல் உடைவதற்கு முன் எச்சரிக்காது, நொறுங்கிவிடும். ஜாக்கி ஸ்டாண்ட் இரண்டு, மண் தரை என்றால் அதன் அடியில் தடித்த பலகை, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை. ஃபோர் வீல் வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் நின்றால் கியரில் போட்டிருந்தும் வண்டி உருளும், டிரைவர்களே மறந்துவிடும் விஷயம் இது. பழைய வில்லிஸ் வழி வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சிலவற்றில் இடப்பக்க வீல் நட்டு எதிர்ப்பக்க மறை, வழக்கத்துக்கு எதிராகத் திருப்பினால்தான் கழலும். பைப் போட்டு ஏறி மிதித்து ஸ்டட்டை முறித்தவர்களை எனக்குத் தெரியும்.

மூன்று வழி என்று தலைப்பில் சொல்லிவிட்டேன், உண்மையில் எனக்குப் பிடித்தது நான்காவது. மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்துக்கொள்வது. ஒர்க்‌ஷாப் அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை நேரம் இருக்கும். ஒரு நாள் கூலி, காலைப் பலகாரம், மதியச் சாப்பாடு. பாகமெல்லாம் நான் முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பேன், பிரித்துக் கழுவி வைக்கும் அழுக்கு வேலை முழுதும் என்னுடையது. அவர் கை வைப்பது தப்பு வாய் திறக்காத இடங்களில் மட்டும். ஸ்பேனர் என்னுடையது என்பதால் உளிக்கு வேலையில்லை. வீல் பேரிங் நட்டை சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிடித்ததும் ஆறில் ஒரு பங்கு சுற்று பின்னால் விட வேண்டும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். "ஆறுல ஒண்ணுன்னா இவ்வளவுதேன்" என்று அவர் என் கையைப் பிடித்து விட்டுக் காட்டியபோதுதான் அது கைக்குப் போனது. ஒர்க்‌ஷாப்பில் இருப்பதைவிட இங்கே அவருக்கும் பொறுமை அதிகம், அங்கே வெளியே நான்கு டிரைவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் இந்த வழி தார் மாதிரி வண்டிக்கு ஒத்துவராது. வாரன்டி முடிந்த பிறகும் அதற்கு ஸ்கேனர் வைத்திருக்கும் ஆள் வேண்டும். தூக்கும் கருவி வேண்டிய வேலைக்கும் இது ஆகாது. மெக்கானிக்கோடு பழக்கமே இல்லாதவர் முதல் நாளே வீட்டுக்குக் கூப்பிட்டால் அவர் வரவும் மாட்டார்.

இடது சக்கரத்துக்கு வருகிறேன். நேற்று மாலை நக்கிள் பந்தை மண்ணெண்ணெய் போட்டுச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, இன்று காலை முந்தல் வரை போய்வந்து பார்த்தேன். கெட்டியான கிரீஸாகக் கசிந்திருந்தால் வெளிச் சீல். அது இரண்டு பாதியாக வரும், எட்டு போல்ட்டைக் கழற்றி நானே மாற்றிவிடுவேன், சரியாக உட்காராவிட்டால் மறுபடி கசிந்து காட்டிக்கொடுக்கும். விரலில் தொட்டேன். தண்ணீராக ஓடியது, முகர்ந்தால் அழுகிய முட்டை மாதிரி கந்தக நெடி. கிரவுன் ஆயில். அச்சுக்குழாய்க்கு உள்ளே இருக்கும் சீல் போய், ஹவுசிங் ஆயில் நக்கிளுக்கு வந்து, கிரீஸைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. இன்னும் கொஞ்ச நாள் விட்டால் டிரம்முக்குள் போய் பிரேக் ஷூவை நனைக்கும். ஹப், ஸ்பிண்டில், ஆக்சில் எல்லாம் வெளியே வர வேண்டும், திரும்ப மாட்டும்போது பேரிங் செட்டிங் இருக்கிறது.

அண்ணனுக்குப் போன் செய்தேன். வரும் ஞாயிறு முடியாது, ஒரு கல்யாணம், அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றார். சீலும் பேரிங்கும் இரண்டு பக்கத்துக்கும் வாங்கிவைக்கச் சொன்னார். அதுவரை ஹவுசிங் ஆயில் அளவை இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்த்து ஊற்றிக்கொண்டு ஊருக்குள் மட்டும் ஓட்டுவதாக இருக்கிறேன். மிளகுக் கொடிக்குக் கொண்டுபோக வேண்டிய சாமானை பக்கத்துத் தோட்டத்து ஜீப்பில் ஏற்றிவிட்டாயிற்று.